பக்கத்து அறையில் ஆள் இருக்கும் சத்தம்

லிப்ட் மெக்கானிக்கின் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மூன்றாம் வருடம், அவர் வீட்டு உள்ளறையில் அவள் மறுபடியும் இருக்க ஆரம்பித்தாள். அக்கா வீட்டிலும் இருந்துகொண்டுதான் இருந்தாள். அவள் போனதற்கு இன்னொருத்தி காரணம் என்றால் தெருவுக்கும் பேச வசதியாக இருந்திருக்கும். காரணம் சிந்தசைசர்கள், விதவிதமாகச் சத்தம் உண்டாக்கும் மின்சார இசைப்பெட்டிகள். மனிதர் ஒரு பெட்டியை வாங்குவார், நாலு சத்தம் தட்டிப் பார்ப்பார், அடுத்த பெட்டிக்கு அலைவார். கூடத்தில் நடக்க இடமில்லாமல் வயர்கள். "இருக்கறதுல என்ன குறைச்சல்னு அடுத்தது வாங்கறீங்க?" என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோய்த்தான் அவள் கிளம்பினாள். அவள் போன பிறகு புத்தி வந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு, இருப்பதிலேயே பழைய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு குமிழையும் ஆற அமரக் கற்றார். இந்தப் பொறுமையை அவள் இருக்கும்போதே காட்டியிருக்கலாம்.

அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. புதுப் பெட்டிகள் பிடித்த சத்தத்தைச் சேமித்துக்கொள்ளும். இதில் குமிழ்கள் நிற்கிற நிலைதான் சத்தம், மயிரிழை நகர்ந்தாலும் போனது போனதுதான். அப்படித் திருகிக்கொண்டிருந்த ஒரு மாலை, பக்கத்து அறையில் ஆள் இருக்கிற சத்தம் அமைந்தது. பாட்டோ குரலோ இல்லை, வெறும் அடிநாதம். உள்ளே விளக்கு எரிந்தது, பீரோ திறந்தது, அவள் விடுகிற அதே பெருமூச்சு கேட்டது. எட்டிப் பார்த்தால் யாருமில்லை, விசிறி மட்டும் சுற்றியது. பதிவு செய்து கம்ப்யூட்டரில் கேட்டால் இரைச்சல் வந்தது, ஆள் வரவில்லை. குமிழ்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். வேலைக்குப் போகும்போது சத்தம் நிற்காமலிருக்க, பெட்டியின் வாசிக்கிற கட்டை ஒன்றின்மேல் ஸ்பானரை வைத்துவிட்டுப் போவார்; திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. வேறெதையும் அதில் வாசிக்கவில்லை. வருடங்கள் ஓடின. சோப்பு இரண்டு பேருக்குக் கரைந்தது. கீழ்வீட்டு டீச்சர், சமாதானமாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று தெருவெங்கும் சொல்லி வைத்தார்.

அது அக்கா வீட்டுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் மெஷினை எடுத்துப் போகிறேன் என்று அவளே வந்து நின்றாள். மெஷினை எடுக்க வருகிறவள் துணிப்பெட்டியோடு வருவாளா? டீச்சருக்கு அது புரிந்தது, மெக்கானிக்குக்குப் புரியவில்லை. உள்ளே பெருமூச்சு கேட்டதும் அவள் முகம் மாறியது.

"யாரு உள்ள?"

"நீதான்."

அவர் டீ போடப் போனார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவள், ஈரத்துணியை எடுத்து அந்தப் பெட்டியை ஒரு மூலை விடாமல் துடைத்தாள், பென்சில் கோடுகள் உட்பட. குமிழ்கள் நகர்ந்தன, உள்ளறை விளக்கு அணைந்தது.

"என்ன பண்ணிட்டே!"

"அழுக்குன்னு நெனச்சேங்க. விடுங்க, அதான் நானே வந்துட்டேன்ல?"

அவர் காதில் அது விழவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அவளைக் கண்டுபிடிக்கக் குமிழ் குமிழாகத் திருகிக்கொண்டிருந்தார். அவள் அவர் முதுகைப் பார்த்தபடி டீ ஆறும்வரை நின்றாள். பிறகு துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. திருகி முடித்து அவர் தலை நிமிர்ந்தபோது இரண்டு பேருமே இல்லை.

அதன்பின் எத்தனையோ வருடம் திருகினார். கடைசியில் ஒருநாள் உள்ளறையில் விளக்கு எரிந்தது, யாரோ இருமினார்கள். ஆண்பிள்ளை இருமல். முன்பின் தெரியாத ஆள். குமிழை மாற்றக் கை போனது. பிறகு தானாகவே இறங்கிவிட்டது.

போன வாரம் படிக்கட்டில் டீச்சர் அவரை நிறுத்தினார். "அண்ணே, உங்க வீட்ல இருக்காரே, அவரு விடிஞ்சும் விடியாம நாற்காலியை இழுக்கறாரு. கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்க."

"வயசானவரும்மா, சட்டுனு கோவிச்சுக்குவாரு," என்றார் மெக்கானிக். "பக்குவமா சொல்லிப் பாக்கறேன்."