பதினெட்டுக்கு எட்டு

ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அண்டா செய்ய எவர்சில்வர் தகடு வந்து இறங்கியதும் பட்டறைக்காரர் பையிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது; இதிலும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி.

கூடப் பிறந்த தங்கைக்கு அது போதவில்லை. பற்றவைப்பது அவள் வேலை. பட்டறையில் அவளுக்குப் பெயரே ‘பொறி’. தகட்டில் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, பாட்டரிக் கம்பியால் தொட்டாள். சொட்டு சிவந்துபோயிற்று; மாங்கனீசு கூடுதலாக இருந்தால்தான் அப்படிச் சிவக்கும்.

“அண்ணே, தகடு வித்தவன் நம்ம தலையில மிளகாய் அரைச்சுட்டான். நூத்துக்குப் பதினெட்டு குரோமியம், எட்டு நிக்கல்னு சொல்லித்தானே வேலை எடுத்தோம்? இதுல நிக்கலைப் பாதியாக் குறைச்சு மாங்கனீசைச் சேத்திருக்கான்.”

“காந்தம் ஒட்டலையே.”

“மாங்கனீசு போட்டாலும் ஒட்டாது. காந்தத்தை ஏமாத்தலாம், உப்பை ஏமாத்த முடியாது. தினம் உப்புத் தண்ணி கொதிச்சா குழிகுழியா அரிச்சிடும். நோயாளிங்க துருவையா குடிக்கணும்?”

அண்ணன் தகட்டைத் தடவிக்கொடுத்தார். “பளபளன்னு இருக்கு. யாருக்குத் தெரியப்போவுது? நீ பத்தவை. முடியாதுன்னா வேற ஆளைக் கூப்பிடுறேன். அப்புறம் இந்தப் பட்டறை வாசலை மிதிக்காதே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அண்ணன் கைதேர்ந்தவர். ஆனால் இந்தச் சோறு எழுந்து உட்கார முடியாதவர்கள் சாப்பிடுவது. பட்டறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

முடித்த அண்டாவில் குத்துவதற்கென்று எண் அச்சுகள் ஒரு டப்பாவில் கிடக்கும். இரண்டு, சுழி, ஒன்று: நிக்கல் குறைந்த ரகத்துக்கு உலகம் வைத்த எண். சுத்தியலை எடுத்து முதல் தகட்டின் நட்டநடுவில் மூன்றையும் அறைந்து இறக்கினாள்.

“ஏய், என்னடி பண்றே? இனிமே இதை எவன் வாங்குவான்?”

“இது என்னன்னு தெரிஞ்சவன் வாங்குவான். கைப்பிடி செய்யலாம், அலமாரி செய்யலாம். அண்டா செய்ய முடியாது.”

எண்ணை அழிக்க அண்ணன் தேய்ப்பு மிஷினைக் கையில் எடுத்தார்.

“தேய்ங்க அண்ணே. எத்தனை தடவை தேய்ச்சாலும் நிக்கல் ஏறாது.”

சுத்தியலைக் கீழே வைக்காமல் அவள் அடுத்த தகட்டை இழுத்து மேசைமேல் போட்டாள்.