ஊர் சொன்ன முறை

ஊரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று முதலில் சொன்னவர் வைரக்கண்ணுதான். இதை இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். ஆலங்குறிச்சி பாசனதாரர் சங்கத்துக்கு மூன்று தடவையாக அவரே தலைவர். வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் வாழையும் நெல்லுமாக அவருக்கு நல்ல நிலம். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஜனநாயகம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றிலும் அரைத் தண்ணீர்தான். அந்த அரைத் தண்ணீரையும் தலைமடைக்காரர்கள் வயல் கொள்ளக் கட்டி வைத்துக்கொண்டு, வழிந்ததை மட்டும் கீழே விட்டார்கள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் சம்பா நட்டவர்களுக்கு வாய்க்காலில் சேறுதான் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி அம்சம். அவளும் புருஷன் காத்தானும் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார்கள். சங்கத்தின் ஏழு நிர்வாகிகளில் கடைமடைக்கென்று இருந்த ஒரே ஆளும் அவள்தான். மற்ற ஆறு பேருக்கும் நிலம் மேலே.

அம்சம் கேட்டது ஒன்றும் உலகத்தில் இல்லாத விஷயமில்லை. வாரத்தில் பாதி நாள் தலைமடை மதகுகளை அடைத்துக் கீழே தண்ணீர் விடுங்கள் என்றாள். முறை வைப்பது என்று அதற்குப் பெயர். ஆறு பேரும் ஆறு திசையில் பார்த்தார்கள்.

வைரக்கண்ணு மட்டும் சிரித்த முகமாகச் சொன்னார்: "நாங்களா வேணாம்னு சொன்னா நல்லா இருக்காது அம்சம். ஊரையே கேட்டுடுவோம். நிலத்துக்காரங்க, குத்தகைக்காரங்க, எல்லாருக்கும் ஓட்டு. ஊர் சொன்னா சொன்னதுதான். சங்கம் கட்டுப்படும்."

மனுஷர் தாராளமாகப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். குத்தகைக்காரன் சொந்தக்காரன் பேச்சைத் தட்டமாட்டான் என்பது அவர் கணக்கு. அதற்கு மேலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். சீட்டு அடித்தால் செலவு, படிக்கத் தெரியாதவர்கள் திண்டாடுவார்கள் என்று சொல்லி, பிள்ளையார் கோயில் வாசலில் வாயைத் துணியால் மூடிய ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார். இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர்கள் அதில் ஒரு நெல்லைப் போட வேண்டும். முறை வேண்டும் என்பவர்கள் ஒரு எள்ளைப் போட வேண்டும். செத்தவர்களுக்குத் தண்ணீரோடு சேர்த்து இறைக்கிற எள்ளை, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பிள்ளையார் முன்னால் வைத்த குடத்தில் எவன் கை துணிந்து போடும்? தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டில் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டாராம்.

"தண்ணி இல்லாம செத்தா எப்படியும் எங்களுக்கு எள்ளுதான் இறைப்பாங்க. அதை முன்னாடியே போட்டுட்டுப் போறோம்" என்று காத்தான்தான் முதலில் துணிக்கு அடியில் கைவிட்டான்.

சாயங்காலம் அந்தத் துணியை விரித்து அதன்மேல் குடத்தைக் கவிழ்த்தபோது துணி கறுத்துவிட்டது. நாற்றுப் பறித்து மரத்துப்போன விரல்களால் ஒற்றை எள்ளை எடுக்க முடியுமா? எடுத்தவர்களுக்கெல்லாம் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வைரக்கண்ணுவுக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

"வந்த ஆளைவிட எள்ளு அதிகம். இது கள்ள ஓட்டு. செல்லாது" என்றார் மறுநாள் கூட்டத்தில்.

"எள்ளை ஏன் எண்ணுறீங்க தலைவரே? நெல்லை எண்ணுங்க. வந்த ஆளுல அதைக் கழிங்க. மிச்சம் இருக்கறவங்க எள்ளு போட்டவங்கதானே" என்றாள் அம்சம்.

எண்ணினார்கள். அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. ஊர் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்துதான் கிடந்தது. தலைமடையில் பிறந்திருந்தால் தானும் நெல்லைத்தான் போட்டிருப்போம் என்று அம்சத்துக்குத் தோன்றாமல் இல்லை. அவர்கள் பயிருக்கும் வேர் இருக்கிறது, அதுவும் தண்ணீர் கேட்கும். ஆனால் கேட்டது கேட்டாகிவிட்டது, அதிகம் பேர் முறை வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. நிர்வாகிகள் கை தூக்கித் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியில்தான் பேராசிரியர் நெடுமாறன் உள்ளே வந்தார். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், சங்கத்தின் செயலாளர். தூங்குகிற பையன்களுக்கு முப்பது வருஷம் பேசிய பழக்கத்தில், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே பேசுவார்.

"நீங்க ஒரு அடிப்படை விஷயத்தைப் புரிஞ்சுக்கணும் அம்மா. மக்கள் சொன்னது ஆலோசனை. கட்டளை இல்லை. நம்மளைத் தேர்ந்தெடுத்தது நம்ம புத்தியை உபயோகிக்கறதுக்கு. கொடுத்த தபாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளா நாம? வெளிநாட்டுல ஒரு பார்லிமென்ட்டே இதுல வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டுது."

"அப்ப எதுக்கு சார் ஊரைக் கேட்டீங்க?"

"மக்களை மதிச்சதனால கேட்டோம்."

"கேட்டுட்டு அவங்க சொன்னதைச் செய்யாம இருக்கறது?"

"அதுவும் அவங்க நன்மைக்குத்தான்" என்றார் பேராசிரியர். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ஐந்து தலைகள் ஆடின. அவற்றில் மூன்றுக்கு அவர் சொன்னது புரியவில்லை. எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில், கேள்வி என்னவென்றே மக்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், முறை என்றால் பாதி நாளா, பாதித் தண்ணீரா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவில் வைரக்கண்ணுவும் பேராசிரியரும் இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வடையும் காபியும் வந்தன. மதகுகள் மட்டும் தலைமடைப் பக்கம் திறந்தபடி திறந்தே கிடந்தன.

மார்கழி பிறந்தது. கடைமடையில் பயிர் பொதி கட்டி நின்றது. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளி நிற்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வராது. வந்தாலும் உள்ளே அரிசி இருக்காது, வெறும் பதர்தான்.

காத்தானும் தெருக்காரர்களும் ஒரு நாள் காலையில் மண்வெட்டியும் பலகையுமாகக் கிளம்பினார்கள். "ஊர் சொல்லியாச்சு. இவனுங்க கையைத் தூக்கினா என்ன, தூக்காட்டா என்ன? மதகை நாமளே அடைச்சிடுவோம்" என்றான் காத்தான்.

அம்சம் குறுக்கே நின்றாள். "வேணாம். இத்தனை நாளா நியாயத்தைப் பேசிட்டு இப்ப போய் அடைச்சா தண்ணியைத் திருடிட்டோம்னுதான் சொல்லுவானுங்க. சங்கம் கை தூக்கட்டும். அடுத்த கூட்டத்துல தூக்க வச்சிடுறேன்."

"உனக்கு அந்த நாற்காலி மேல ஆசை வந்துடுச்சு" என்றான் காத்தான். அது பொய். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. மண்வெட்டிகள் வீடு திரும்பின.

அடுத்த கூட்டத்தில் ஒரு கொத்துப் பயிரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். "பாருங்க. இன்னும் நாள் கடத்துனீங்கன்னா இது வைக்கோல். ஊர் சொன்னா சொன்னதுதான்னு சொன்னது யாரு? ஜெயிச்சாலும் தோத்தாலும் கட்டுப்படணும். அவ்வளவுதானே நான் கேக்கறது?"

"உணர்ச்சிவசப்படாதீங்க அம்மா" என்ற பேராசிரியர், காபி டம்ளரில் மண் விழாமல் தள்ளி வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்னால் கடைமடை காய்ந்துவிட்டது. அம்சத்தின் வயலில் கதிர் பாதி வந்து வெளுத்து நின்றது. காத்தான் மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டான். அவள் வரப்பில் உட்கார்ந்து அது மேய்வதைப் பார்த்தாள். பயிரும் போயிற்று, பட்ட பாடும் போயிற்று, கோயிலுக்குக் கட்ட வேண்டிய குத்தகை மட்டும் நின்றது. அழுகை வரவில்லை, தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அந்த மண்வெட்டிகளைத் திருப்பி அனுப்பியது அவள்தானே. தெருவில் பாதிப் பேர் பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போய்விட்டார்கள். காத்தானும் போனான். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊர் இப்படிக் காலியானதும் துணைக்குழு சுறுசுறுப்பாகிவிட்டது. முதல் ஓட்டில் குழப்பம் இருந்ததால் மறுபடி கேட்பதே ஜனநாயகம் என்று அறிக்கை கொடுத்தது. இந்தத் தடவை குடமும் இல்லை, எள்ளும் இல்லை. அழகாக அச்சடித்த சீட்டு. செலவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. காய்ந்த வயலுக்கு முறை கேட்டு நாள்கூலியை விட்டு எவன் பஸ் ஏறி வருவான்? தேங்காய்க்குப் போனவர்கள் வரவில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது அமோகமாக ஜெயித்தது.

மறுநாள் காலையிலேயே கூட்டம். வைரக்கண்ணு கஞ்சி போட்ட வேட்டியில் வந்திருந்தார்.

"ஊர் தெளிவா சொல்லிட்டுது. இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மக்கள் வாக்குன்னா அது தெய்வ வாக்கு. இப்பவே தீர்மானம்" என்றார்.

ஆறு கைகள் சேர்ந்தாற்போல் மேலே போயின. இத்தனை மாதமும் மடியில் கிடந்த கைகள்தானா இவை என்று அம்சம் பார்த்தாள்.

"என்ன அம்சம்? ஜெயிச்சாலும் தோத்தாலும் கட்டுப்படணும்னு நீதானே சொன்னே?" வைரக்கண்ணுவின் மீசைக்குக் கீழே சிரிப்பு நெளிந்தது.

அம்சத்தின் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக நின்றன. இது ஆலோசனைதான், கட்டளை இல்லை. கேள்வி சரியாக விளங்கவில்லை. வெளியூர் போனவர்களைச் சேர்க்கவில்லை. மறுபடி கேட்போம். கடைசி இரண்டும் நியாயமான பேச்சுகூட. ஆனால் எதைச் சொன்னாலும் அந்தப் பேராசிரியரின் குரலிலேயே வெளியே வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயிர் போயிற்று, வீட்டுக்காரன் பேச்சு போயிற்று. சொன்ன சொல் ஒன்றுதான் அவளிடம் மிச்சம். அதையும் இந்த ஆட்களின் காபி மேஜையில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

கையைத் தூக்கினாள்.

வைரக்கண்ணு இதை எதிர்பார்க்கவில்லை. அவள் சண்டை போடுவாள், அதைக் கடைத்தெருவில் சொல்லிச் சிரிக்கலாம் என்று வந்தவர். மீசைக்குக் கீழே இருந்தது காணாமல் போயிற்று. பேராசிரியர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதிடறேன்."

"எழுதுங்க சார். கூடவே இதையும் எழுதுங்க. தோத்தப்புறமும் ஊர் சொன்னதுக்குக் கை தூக்கின ஆளு இந்தச் சங்கத்துல ஒருத்திதான்னு."

பேராசிரியர் முதலில் சொன்னதை மட்டும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.