இரண்டு வருடப் பிறப்பு உள்ள வீடு

வாசலில் வெள்ளைப் பொடியால் போட்ட மீன் கோலம். மழை. மீன்கள் கரைந்து தெருவில் ஓடின.

ஆவணி மழை. ராயபுரமே நனைந்தது. கெர்சி அண்ணன் புதுச் சட்டையில் நின்று, இன்று வசந்தத்தின் முதல் நாள் என்றான். கூச்சமே இல்லாமல் சொன்னான்.

பாரசீகத்தில் பனி உருகும் நாள்தான் எங்கள் வருடப் பிறப்பான நவ்ரோஸ். கடல் தாண்டி வந்த பார்சி முன்னோர்கள், நாள்காட்டியில் அவ்வப்போது ஒரு மாதம் சேர்க்க மறந்துவிட்டார்கள். வருடப் பிறப்பு நழுவி நழுவி மழைக்காலத்தில் வந்து விழுந்தது. அந்த மறதிக்கு மரபு என்று பெயர் வைத்து, அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

தம்பி ஹோமி மேதாவி. பங்குனியில், பகலும் இரவும் சமமாகும் நாளில்தான் அவனுக்கு வருடம் பிறக்கும். எங்கள் தீர்க்கதரிசி ஜரதுஷ்டிரர் அவனிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டுப் போனதுபோல் பேசுவான்.

அண்ணன் நாளில் தம்பி வரமாட்டான். தம்பி நாளில் அண்ணன் வரமாட்டான். நெருப்பின் முன் நின்று இருவரும் சொல்வது ஒன்றுதான். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல். வெட்கக்கேடு.

அம்மா படுக்கையில் கிடந்தாள். என்னிடம் சொர்க்கத்தையா கேட்டாள்?

"மெஹ்ரூ, ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும். அதப் பாத்துட்டுப் போயிடறேன்."

ஐப்பசியில், யாருக்கும் பண்டிகை இல்லாத ஒரு நாளில் இருவரையும் கூப்பிட்டேன். சேமியாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரை போட்டு, இனிப்புத் தயிரோடு மேசையில் வைத்தேன்.

"இது எந்தக் கணக்குல வருது?" என்றான் அண்ணன், போனில். தம்பியும் அதையே கேட்டான். அதில் மட்டும் அண்ணன் தம்பிதான்.

அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்தது. அவர்கள் வரவில்லை. தயிர் புளித்துப்போனது.

கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். இருவரும் ஓடி வந்தார்கள்.

"பிரார்த்தனையில எந்த மாசம், எந்த நாள்னு சொல்லட்டும்?" என்று சடங்கு செய்ய வந்த குரு கேட்டார். அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு இருவரும் ஆளுக்கு ஒரு நாளைச் சொன்னார்கள். பிறகு அதையே குரலை உயர்த்திச் சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பு வந்தது.

"திங்கக்கிழமை," என்றேன். "அம்மா செத்தது திங்கக்கிழமை. அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? வாங்க, மேசையில வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார்கள். ஒரே மேசையில். பார்க்கத்தான் ஆள் இல்லை.