பாதிக் கதை கேட்டவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னது நான். மாட்டிக்கொண்டது என் தங்கை.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். நான் கதை எழுதுகிறவன். என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனையில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தன் முப்பத்தாறாவது வயதில், பிஸிஷியன் அசிஸ்டன்ட் படிப்பில் சேரப் போகிறாள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

(வாழைப்பழ விவகாரம் பின்னால் வரும்.)

உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நடந்ததை மட்டும் எழுது. எங்கயாவது ஒரு சொட்டு மழை பெஞ்சாலும் கிழிச்சுப் போட்டுடுவேன்."

மழை மேல் அவளுக்கு என்ன கோபம் என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம், கைவிடப்பட்டது:

ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது. அவள் கையிலிருந்த ஊசியின் முனையில்

இல்லை. ரத்தம் எடுக்கும் அறையில் ஜன்னலே கிடையாது. கைப்பலகை வைத்த மூன்று நாற்காலிகள், கலர் கலராக மூடி போட்ட குழாய்கள், யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு கடிகாரம், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம், இதுவும் கைவிடப்பட்டது:

மருத்துவத் துறையில் சாதிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே அவள் கனவு

"யாரு, நானா?" என்றாள் எதிர்ப்பக்கத்திலிருந்து. சிறு வயதில் அவளுடைய கனவு லாரி ஓட்டுவது. எனக்கு அது நன்றாகவே தெரியும். எழுத உட்கார்ந்தால் கை தானாக இப்படிப் போகிறது, என்ன செய்ய?

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் கையில் இரண்டு முறைதான் குத்தலாம். இரண்டு முறையும் நரம்பு சிக்கவில்லை என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். "மூணாவது தடவை குத்துறது நம்ம வீம்புக்கு. அவங்க கை என்ன நம்ம வீம்புக்கா இருக்கு?" என்பாள். எனக்கும் இரண்டு தொடக்கம் ஆகிவிட்டது. நேராக விஷயத்துக்குப் போகிறேன்.

3

இந்தப் படிப்பைப் பற்றி அவள் முதன்முதலில் சொன்னபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அசிஸ்டன்ட்டுன்னா? டாக்டருக்குப் பை தூக்கணுமா?"

"பை தூக்குற வேலை இல்லம்மா. நோயாளியை நானே பார்ப்பேன். என்ன ஏதுன்னு விசாரிச்சு, தொட்டுப் பார்த்து, டெஸ்ட் எழுதி, மருந்து எழுதிக் கொடுப்பேன். காயம்னா தையல் போடுவேன். ஆபரேஷன்ல கூட நிப்பேன். மேல ஒரு டாக்டர் இருப்பாங்க, சந்தேகம்னா அவங்களைக் கேட்பேன்."

"எல்லாத்தையும் நீயே பண்ணிட்டா அந்த டாக்டர் என்னடி பண்ணுவாரு?"

"அவரும் பார்ப்பாரும்மா. வெளியில உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை நீ பார்த்ததில்லையா?"

அம்மா பார்த்திருக்கிறாள். முட்டிவலிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்து, ஏழு நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். நறுக்குவதை நிறுத்தினாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்து பேச ஆள் இருக்கும்ங்கிற."

"அதேதான்."

"அப்ப படி."

(இந்த இடத்தில் புள்ளிவிவரமாக அடுக்கியிருந்தேன். "விளம்பரம் மாதிரி இருக்கு" என்று தங்கை அடித்துவிட்டாள். எனவே சொந்த வார்த்தையில் சொல்கிறேன். நோயாளிகள் பெருகும் வேகத்தில் டாக்டர்கள் பெருகவில்லை. டாக்டர் தினமும் வர முடியாத சின்ன ஊர்க் கிளினிக்குகளில் இந்த ஆட்களைத் தேடுகிறார்கள். வேலை இருக்குமா என்று பயப்படுகிற துறையாகத் தெரியவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. அறுவை சிகிச்சைப் பிரிவில் சில வருடம் இருந்துவிட்டு, குழந்தைகள் பிரிவுக்கோ இதயப் பிரிவுக்கோ மாறலாம். புது வேலையைப் பழக வேண்டுமே தவிர, கல்லூரிக்குத் திரும்பி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. பதினோரு வருடமாக மனித உடம்பில் முழங்கையின் உள்பக்கத்தை மட்டுமே பார்த்துவந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.)

4

இனி என் பொய்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்று. அவள் கேட்கவே இல்லை. நானேதான் முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் எதுக்கு இருக்கேன்? விடு, ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

ஜமாய்த்தேன். வெளியே கொட்டும் மழை. யாருமற்ற ஒரு முதியவர். ஊசி குத்திய கையையே பற்றிக்கொண்டு, "நீயே எனக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதா, மகளே?" என்று கண்ணீர் விடுகிறார். அந்தக் கண்ணீரோடு முடித்திருந்தேன். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். அவள் இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இதே தொழிலில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்த ஒரு அம்மாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, நான் எழுதிய பக்கத்தைக் கையில் எடுத்தார்.

"நல்லா இருக்கு. இந்தப் பெரியவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அதை நான் எழுதவில்லையே! குணமாகி வீட்டுக்குப் போனார் என்று ஒரு வரி சொல்லிவிட்டிருந்தால் முடிந்தது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் செய்யவில்லை.

"அப்படி ஒருத்தரே இல்லைங்க. இது எங்க அண்ணன் எழுதினது. அவர் கதை எழுதுறவரு. நான் சரியாப் படிக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மாள் காகிதத்தைக் கீழே வைத்தார். "நோயாளியோட ஃபைல்லயும் இப்படித்தான் யாரோ எழுதினதுல கையெழுத்துப் போடுவீங்களா?"

அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. எழுந்து வரும்போது, "மறுபடி வர்றதா இருந்தா உங்க கதையோட வாங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கத்தாமல், அழாமல் சொன்னாள். நான்கு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுடைய ஒரு வருடத்தை நான் தின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னும் ஒரு தடவை விண்ணப்பம் போடுறேன்ணா. எனக்கும் ரெண்டு தடவைதான். அதுவும் இல்லைன்னா விட்டுடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதுதான் எனக்குப் பயம்.

5

அடுத்த வருடம் வீடு வீடாக இல்லை. இடம் கிடைக்குமா என்றே தெரியாது, ஆனால் தையல் பழகினாள். மனிதத் தோலில் தைக்கப் பழகுவதற்குப் பழத்தோல் தோதானதாம். வெளிக்காயம் படாத வாழைப்பழம் ஒன்றுகூட எங்களுக்குத் தின்னக் கிடைக்கவில்லை. பஸ் ஓட்டும் அவள் கணவரைச் சோபாவில் குப்புறப் படுக்கவைத்து, தசைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி முதுகெங்கும் ஒட்டிப் படித்தாள். ஒரு நாள் மாப்பிள்ளை பின்கழுத்தில் 'ட்ரபீசியஸ்' என்ற சீட்டோடு வேலைக்குப் போய்விட்டார். நாலாவது நிறுத்தம் வரை யாரும் சொல்லவில்லை. அங்கேதான் ஒரு பயணி மரியாதையாக, "மிஸ்டர் ட்ரபீசியஸ், அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்" என்றிருக்கிறார்.

(இது நடந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம்.)

அந்த ஒரு பக்கத்தை இந்த முறை அவளே எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. அனுப்பிய பிறகுதான் கொடுத்தாள். அதிலிருந்து:

'நான் ரத்தம் எடுக்கிறேன். குழாயில் பெயர் ஒட்டி அனுப்புகிறேன். அதில் என்ன வந்தது என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் பயந்துகொண்டே கையை நீட்டுகிறார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போகிறார்கள். பதினோரு வருடமாகப் பாதிக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீதியும் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, அதில் எனக்கு ஒரு வேலையும் வேண்டும்.'

இருபது வருடமாக எழுதுகிறேன். பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும், பெருமையாகவும் இருந்தது.

6

அதே அறை, அதே அம்மாள், தலையில் அதே கண்ணாடி.

"இந்த வருஷம் யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"தெரியுது. எங்கயும் மழை பெய்யல."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நோயாளியைப் பார்க்குறீங்க. என்னன்னே பிடிபடல. என்ன செய்வீங்க?"

"முதல்லேர்ந்து இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பேன். அப்பவும் பிடிபடலைன்னா வீம்பு பிடிக்க மாட்டேன். டாக்டரைக் கூப்பிடுவேன். கூப்பிட்டுட்டு அங்கயே நிப்பேன்."

ஓரத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டாராம்.

7

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. நாற்காலியில் பூ போட்ட சட்டை போட்ட ஒரு பெண்மணி. தங்கையின் கையில் கையுறை, பையில் அதிரும் போன்.

"எடுத்துப் பாரும்மா, ஏதோ அவசரம் போல."

"படிப்புக்குப் போட்டிருந்தேன், அந்த ரிசல்ட்டா இருக்கும். முதல்ல உங்களது முடியட்டும்."

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. மூன்று குழாய்களும் நிறைந்தன. பெயர் ஒட்டினாள், சரிபார்த்தாள், பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.

"என் ரிசல்ட் மெதுவா வரட்டும். உன் ரிசல்ட் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்," என்று அந்தப் பெண்மணி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தங்கை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "கெடச்சிடுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் துள்ளி விழுந்தார். அறை முழுக்கக் கைதட்டல். ஒரு கையைப் பஞ்சோடு மடக்கி வைத்திருந்தவர்கள் இன்னொரு கையால் தொடையில் தட்டினார்கள். அவளுக்குத் தெரிந்து, அந்த அறையிலேயே ரிசல்ட் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அரைமணியில் அம்மா எங்கள் கட்டடத்தின் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டாள், முட்டிவலியோடு. "என் பொண்ணு பை தூக்கப் போறதில்ல, வைத்தியம் பார்க்கப் போறா!" என்று எல்லா வாசலிலும் சொன்னாளாம். பை தூக்குவதைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவே இல்லை.

8

முதல் முடிவு, கைவிடப்பட்டது:

இரண்டேகால் வருடப் படிப்பு முடிந்து, மேடையில் அவள் பெயர் அழைக்கப்பட்டபோது அரங்கமே எழுந்து

"இன்னும் முதல் கிளாஸுக்கே போகலண்ணா. அதுக்குள்ள என்னை மேடையில ஏத்திட்டியா?"

இரண்டாவது முடிவு, இதுவும் கைவிடப்பட்டது:

அம்மாவின் முட்டியை அவளே பரிசோதிக்கிறாள். ஏழு நிமிடம் அல்ல, இருபது

"சொந்தக்காரங்களை நாங்களே பார்க்கிற வழக்கமில்ல. அடி."

அடித்துவிட்டேன். இரண்டு முறை ஆயிற்று. விதிப்படி நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். உங்களைத்தான் கூப்பிடுகிறேன்.

இன்னும் சில வருடத்தில் ஏதோ ஒரு ஊரில், முதுகுப்பக்கம் மூடாத ஒரு அங்கியைப் போட்டுக்கொண்டு, உயரமான கட்டிலில் காலைத் தொங்கவிட்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். பயமாக இருக்கும். கதவைத் தட்டிவிட்டு ஒருத்தி உள்ளே வருவாள். "நான் இங்க பிஸிஷியன் அசிஸ்டன்ட்" என்பாள். அவள் கையில் உங்கள் ரிசல்ட் இருக்கும். நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போக மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

அங்கிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.