பதினேழுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவில்

செலஸ்தான் வியாலின் சூதாட்ட ஊழியர் உரிமச் சீட்டைக் காவல்துறை பறித்துக்கொண்ட வாரத்திலேயே ஒனோரே ரேபோவுக்கு மேசைத் தலைவர் பதவி கிடைத்தது. எங்கள் ஊரில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. செலஸ்தானே வந்து கைகுலுக்கினான். ஒனோரேவால்தான் அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருவரும் சூதாட்ட மாளிகையின் நிலவறை வகுப்பில் ஒன்றாகத் தொழில் படித்தவர்கள். ரூலெட் மேசையில் ஒரே எண்ணின் மேல் வைத்த பந்தயச் சில்லுக்கு முப்பத்தைந்து மடங்கு, இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் பதினேழு, நான்கு எண்கள் கூடும் மூலையில் வைத்தால் எட்டு, சிவப்பு கறுப்புக்கு ஒன்றுக்கு ஒன்று. பதினேழாம் வாய்ப்பாட்டையும் முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்தார்கள். பந்து உருண்டு விழும் சக்கரத்தில் இருப்பதோ பூஜ்யத்தோடு சேர்த்து முப்பத்தேழு குழிகள். பணம் மட்டும் முப்பத்தாறே குழிகள் இருப்பதுபோலக் கொடுக்கப்படும். மீதி அந்த ஒரு குழிதான் மாளிகையின் லாபம், எங்கள் ஊர்ப் பாதிக் குடும்பங்களின் சம்பளம்.

"ஒண்ணுல இருந்து முப்பத்தாறு வரைக்கும் கூட்டினா அறுநூத்தி அறுபத்தாறு வருதாம். சாத்தானோட நம்பர்" என்று அப்போது ஒனோரே சொன்னான்.

"சாத்தான்கிட்ட வேலை பாக்கிறோம்னு எங்கம்மாகிட்ட சொல்லிடாத. சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லு" என்றான் செலஸ்தான்.

மதாம் ஓர்சா, லியோன் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் மனைவி. கணவர் இறந்தபின் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் கடற்கரைக்கு வந்துவிடுவார். பிற்பகலில் செலஸ்தான் சக்கரம் சுற்றும் மேசையில் உட்கார்ந்து இருபத்தைந்து, பதினேழு, முப்பத்துநாலு, ஆறு, இருபத்தேழு என்று ஐந்து எண்களில் மட்டும் சிறிய சில்லுகளை வைப்பார். மேசையின் பச்சைத் துணியில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவை. சக்கரத்திலோ ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. அந்தக் குளிர்காலத்தில் அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஜெயிக்கும்போதெல்லாம் வழக்கப்படி ஊழியர்களுக்கு ஒரு சில்லைத் தள்ளிவிட்டு, "முசியே வியால், உங்க கை ராசியான கை" என்பார்.

மேசையின் மறுகோடியிலிருந்து ஒனோரே இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பழகிய கை, பந்தைச் சக்கரத்தின் ஒரு பகுதியில் விழும்படி வீச முடியும் என்று எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. முடிந்ததாக யாரும் நிரூபித்ததில்லை. ஒனோரே, செலஸ்தான் வீசும்போதெல்லாம் எந்த எண் வந்தது என்று மனதுக்குள் குறித்துவைக்கத் தொடங்கினான். அந்த ஐந்தும் வரவேண்டியதற்கு மேல் வந்தன. அடுத்த மேசைத் தலைவர் பதவிக்குத் தங்கள் இரண்டு பெயர்களும்தான் போயிருக்கின்றன என்பதும் அப்போது அவனுக்குத் தெரியும்.

மாளிகையின் இயக்குநர் தெல்மாஸிடம் போய்ச் சொன்னான்.

"நட்பு வேற, மேசை வேற. நீங்க பார்த்ததைச் சொன்னீங்க, அவ்வளவுதான்" என்றார் அவர்.

மதாம் ஓர்சாவை வாசலில், பிறர் பார்க்க, உள்ளே விட மறுத்தார்கள். செலஸ்தானை விசாரித்தார்கள். அவன் ஏனோ அதிகம் வாதாடவில்லை. வேலை போனபின் ஒருநாள் கடற்கரைச் சாலையில் ஒனோரேவை நிறுத்தி, "யார் சொல்லியிருப்பான்னு உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாதுடா" என்றான் ஒனோரே.

அடுத்த குளிர்காலத்தில் அதே மேசையில் ஸந்தோனி என்ற கோர்சிகாக்காரர் சக்கரம் சுற்றினார். ஒரு பிற்பகல் பதினேழு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முப்பத்துநாலு. மீண்டும் பதினேழு, பிறகு ஆறு. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒனோரே மறுபடி எண்களைக் குறிக்கத் தொடங்கினான்.

மறுநாள் மாளிகை திறக்குமுன் அவன் தனியாகப் போய்ச் சக்கரத்தின் மேல் குனிந்தான். குழிகளைப் பிரிக்கும் பித்தளைத் தடுப்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பதினேழுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவிலிருந்த தடுப்பு மட்டும் ஆடியது. மற்ற இடங்களில் மோதும் பந்து துள்ளி எகிறும். இங்கே மோதினால் வேகம் செத்து அங்கேயே அக்கம்பக்கத்தில் விழும். யார் வீசினாலும் விழும். முறை மாறி ஒனோரே வீசிய நாள்களிலும் விழுந்திருக்கும். தன் வீச்சுகளை அவன் குறித்துப் பார்த்ததேயில்லை.

ஒனோரே சொன்னதைத் தெல்மாஸ் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "சக்கரத்தைப் பழுதுபார்க்கப் பாரிஸுக்கு அனுப்பிடலாம். வெளியில பேச வேண்டாம்."

"வியால்?"

"இப்ப என்ன பண்றாரு?"

"மாந்தோன்ல எலுமிச்சம்பழக் கிடங்குல."

"வேலை இருக்குல்ல, அப்புறம் என்ன?"

ஒனோரே வெளியே வந்தான். செலஸ்தானிடம் நாளைக்குப் போகலாம், ஞாயிறு போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு காலை மீன் சந்தையில் செலஸ்தானின் மனைவி லுயிசெத் எதிரில் வந்துவிட்டாள்.

"பதவி வந்ததும் எங்க வீடு மறந்துபோச்சாக்கும். வேலை போனதுக்கப்புறம் அவரைத் தேடி வர்றதுக்கு ஆளே இல்லை. நீங்களாச்சும் வாங்க."

அவன் அன்றே மாந்தோனுக்குப் பேருந்து ஏறினான்.

கிடங்கில் செலஸ்தான் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். ஒனோரே உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். தடுப்பைச் சொன்னான், தெல்மாஸிடம் முதலில் போனது தான்தான் என்பதைச் சொன்னான், கடற்கரைச் சாலையில் சொன்ன பொய்யையும் சொன்னான்.

செலஸ்தான் கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

"விசாரணையில நான் ஏன் வாயைத் திறக்கல தெரியுமா? எனக்கே சந்தேகம்டா. எனக்குத் தெரியாமலே இந்தக் கை அப்படிப் போடுதோன்னு. வீட்டுல ஒரு கிண்ணத்துல கோலிக்குண்டை வெச்சு வீசிவீசிப் பார்த்தேன். லுயிசெத் எனக்குப் பைத்தியம்னு நினைச்சா."

"மன்னிச்சுடுடா."

"பதவிக்காகச் சொன்னியா?"

ஒனோரே பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் உண்மை என்ன என்றும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. "அப்ப அப்படித் தோணல. ஆனா தப்பா இருக்கணும்னு நான் ஆசைப்பட்டிருக்கேன்" என்றான்.

"போ. இதை நீஸ்ல போலீஸ்கிட்ட போய்ச் சொல்லு. எங்கிட்ட அழாத."

சொன்னான். சூதாட்டப் பிரிவு அதிகாரிகள் வந்தபோது சக்கரம் இன்னும் மாளிகையில்தான் இருந்தது. தடுப்பு அவர்கள் விரலிலும் ஆடியது. செலஸ்தானுக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. தெல்மாஸை மாற்றினார்கள். ஒனோரேவைப் போகச் சொன்னவர்கள் யாருமில்லை. அவனாகவே பதவியை விட்டு மேசையின் கோடிக்குத் திரும்பினான், சில்லுகளைக் கழியால் இழுக்கும் பழைய வேலைக்கு. செலஸ்தான் சக்கரத்தில் நின்றான். வேலை நேரத்தில் எண்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

மதாம் ஓர்சா மட்டும் மிச்சம். வசந்தத்தில் ஒனோரே ரயிலேறி லியோனுக்குப் போனான். முகவரியைக் கண்டுபிடித்து மணியடித்தான். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"அம்மாவா? அவங்க போன கோடையிலயே இறந்துட்டாங்களே. நீங்க?"

ஒனோரே தொப்பியைக் கழற்றினான். கடற்கரையிலிருந்து வருவதாகச் சொன்னான்.

"அங்க பாதிரியார் ஒருத்தர் நடத்துற விடுதியில தங்கி மூட்டுவலி வைத்தியம் பண்ணிக்கிறேன்னு எழுதுவாங்க. கடைசி வருஷம் பாதியிலயே திரும்பிட்டாங்க. ஏன்னு கேட்டா அழுதாங்க, காரணம் சொல்லல. அங்க யாராவது மனசு நோகப் பேசிட்டாங்களோன்னு எங்களுக்கு இன்னைக்கும் உறுத்தல். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வழி முழுக்கத் தயாராக்கிய வார்த்தைகள் அவன் வாயில் இருந்தன. அவற்றைச் சொன்னால் பாதிரியாரும் மூட்டுவலியும் இல்லாமல் போய்விடும். ஒரு தாய் மகளிடம் மறைத்ததைத் தன் பாரத்தை இறக்க அவன் உடைக்க வேண்டியிருக்கும்.

"அங்க எல்லாருக்கும் அவங்களைப் பிடிக்கும், மதாம். தப்பு அவங்க மேல இல்ல. எங்க ஊர்க்காரங்க மேலதான்" என்றான்.

அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்கக் காத்திருந்தாள். அவன் வணங்கிவிட்டு, மாடிப்படிகளில் வேகமாக இறங்கினான். அடுத்த ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. நிலையத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.