விடுப்பு ரத்து

அதிபர் ஆதரவு கேட்டு வரும்போது நாற்காலியையும் கொண்டுவருவது வழக்கம். அவை உறுப்பினர் வடிவாம்பாள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கூடத்தில், மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். படத்தில் இருப்பது அவள் மகன் செழியன். போர்முனையில் இறந்து பதினைந்து நாளாகிறது. நாளை காரியம்.

மசோதா சின்னதுதான். போரில் இறந்தவர்கள் விடுப்பில் சென்றவர்களாகக் கருதப்படுவார்கள். அந்த விடுப்பு ரத்து.

"ஒரு கையெழுத்துதாம்மா குறையுது. அவையில நீங்கதான் பாக்கி."

"போட்டா வீட்டுக்கு வருவானா?"

"படைக்கு வருவான்."

"மறுபடி குண்டு பட்டா?"

"விடுப்பு கிடையாதும்மா."

அவள் காபி போடப் போனாள். அடுக்களைக்குப் போகும் நடை அன்று நீண்டுகொண்டே போனது. வழியெல்லாம் மற்ற உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் மாலை கழற்றிய படம் இருந்தது.

"போட்டுடுங்கக்கா," என்றார் ஒருவர். "எங்க மாப்பிள்ளை நாலாவது தடவை போயிருக்காரு. பழகிடும்."

"யாருக்கு?"

அவர் படத்தைத் துடைத்தார்.

காபியோடு திரும்பியபோது செழியன் கூடத்தில் நின்றான். சட்டை நெஞ்சில் கிழிந்திருந்தது.

"மாதிரிக்குக் கூட்டிட்டு வந்தோம்," என்றார் அதிபர். அவள் கையில் பேனாவைக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டால் அவன் எங்காவது இருப்பான். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

செழியன் காபியைக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் கழுவியதில்லை.

"வலிக்குதாடா?"

"இப்ப இல்லம்மா. விடுப்புல இருக்கேன்ல."

அதிபர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு யாரெல்லாம் வர்றாங்க?" என்றான் செழியன்.

"சித்தப்பா. மாடி வீட்டுக்காரங்க."

"வடை உண்டா?"

"உண்டு."

"அப்ப காரியம் நடக்கட்டும்மா." அவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தான். அண்ணாந்து படத்தைப் பார்த்தான். எட்டவில்லை.

"எந்திரிங்கய்யா," என்றாள் வடிவாம்பாள்.

"நான் அதிபரும்மா."

"தெரியும். அவன் ஏறணும்."

அதிபர் எழுந்தார். எங்கே நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை. செழியன் நாற்காலியில் ஏறினான். மாலையை ஒதுக்கி, முதலில் தலையைப் படத்துக்குள் விட்டான்.

நாற்காலி ஆடியது. வடிவாம்பாள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பேனாவைக் கீழே போடவேண்டியிருந்தது.