தீவு வீட்டுத் தூக்குவாளி

தீவிலிருந்து தூக்குவாளி வந்தபோது நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எவர்சில்வர் வாளி. தானே நீந்தி வந்தது. கப்பலின் பக்கத்தில் மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்து நின்றது.

அந்தத் தீவில் ஆள் கிடையாது. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நண்டு, மீதி மணல். வாளிக்குள் பாயசம் இருந்தது. ஆறாமல் இருந்தது.

எங்கள் கப்பல் சின்னது. மினி பஸ்ஸுக்கு அண்ணன் என்று சொல்லலாம். மனிதக் கால் படாத தீவுகளை எட்ட நின்று பார்த்துவிட்டு அடுத்த தீவுக்குப் போக வேண்டும். அதுதான் சுற்றுலா. பயணிகள் என்று பார்த்தால் நான், என் மனைவி உலகம்மாள், ஓய்வுபெற்ற தாசில்தார் பிச்சையா பாண்டியன். கப்பலை ஓட்டுகிறவர் தூத்துக்குடி சூசை மிக்கேல். சமையலும் அவர்தான்.

பாயசத்தைக் குடித்து முடித்தோம். உலகம்மாள் வாளியைக் கழுவித் துடைத்தாள். அடியில் ‘தீவு’ என்று பேர் வெட்டியிருந்தது. கையெழுத்து பரவாயில்லை.

“அப்படியே தண்ணில விட்டுருங்க மதினி. அது போயிரும்” என்றார் சூசை மிக்கேல்.

“வெறும் பாத்திரத்தையா?” என்றாள் உலகம்மாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு பிடி சீனியைப் போட்டு மூடி அனுப்பினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாளி திரும்பி வந்தது. நண்டுக் குழம்பு. பதிலுக்கு என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கிற மாதிரி தீவும் சற்றுக் கிட்டே வந்திருந்தது. அதன் முன்னால் பவளப்பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

சூசை மிக்கேல் எஞ்சினைத் தட்டினார். தடவினார். திட்டினார்.

“கெளம்ப மாட்டேங்கு அண்ணாச்சி.”

“என்ன கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்ல. அடுத்தவங்க பாத்திரம் கப்பல்ல இருக்கு. அத வச்சிக்கிட்டு அது எப்படி ஓடும்?”

நல்ல இடத்தில் வளர்ந்த எஞ்சின்.

அரிசி போட்டு அனுப்பினோம். எஞ்சினைத் தொடுவதற்குள் இளநீர் வந்தது. மிளகாய் வற்றல் போட்டு அனுப்பினோம். தென்னை நிழல் வந்தது. அதை மேல்தளத்தில் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு தடவையும் தீவு நெருங்கியது. ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு மரம் குறைந்தது. அதுவும் விடுவதாக இல்லை.

சமையலறை காலியானது. உலகம்மாள் திசைகாட்டியைப் போட்டாள். பிறகு சுக்கான் சக்கரத்தைப் போட்டாள். சூசை மிக்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் மிஞ்சாதபோது தாசில்தார் தன் குறட்டையைக் கொடுத்தார். அதன் பிறகு தீவு குறட்டை விட்டது. அவர் தூங்காமல் உட்கார்ந்து அதைக் கேட்டார்.

“சுதி கொஞ்சம் ஏத்தமா இருக்கு” என்றார்.

வாளி மறுபடியும் வந்தது. உள்ளே சாயங்காலக் காற்று. அது நாலு பேருக்கும் போதவில்லை. கப்பலின் அடியில் யாரோ நகத்தால் கீறுகிற சத்தம் கேட்டது.

“பாறை!” என்றார் சூசை மிக்கேல். “இன்னொரு மட்டம் அது கிட்ட வந்தா கப்பல் ரெண்டாப் பொளந்துரும். மதினி, உங்க கால்ல விழுதேன். வெறுமன தூக்கி வீசுங்க.”

உலகம்மாள் கப்பலைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடுத்தவர் பாத்திரத்தில் செருப்புக் காலோடு இறங்க அவள் ஆள் இல்லை.

“நான் போறேன் உலகு” என்றேன்.

என் வயிற்றைப் பார்த்தாள். “நீங்க அடங்க மாட்டீங்க.”

அவள் அடங்கினாள். எப்படி என்று எனக்குத் தெரியாது. “மூடிய நல்லா அமுக்குங்க. அலை உள்ள வந்துரும்” என்றாள் உள்ளிருந்து.

நான்தான் அமுக்கினேன்.

வாளி போனது. சூரியன் இறங்கத் தைரியமில்லாமல் மேலேயே நின்றது. சூசை மிக்கேல் ஜெபமாலை உருட்டினார். சாப்பிட ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது. என் வேட்டி இரண்டு முறை நழுவியது.

“திரும்பி வரும்லா?” என்றார் தாசில்தார்.

“யாரு?”

“வாளி.”

நான் வாளிக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்கு ஈடாகத் தீவு எதை வைக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நண்டுக் குழம்பாக இருந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

குறட்டைச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். தீவைக் காணோம். பவளப்பாறையையும் காணோம். வாளி மட்டும் வந்துகொண்டிருந்தது. கனமாக, அசைந்து அசைந்து வந்தது.

மூடியைத் திறக்க என் கை வரவில்லை. சூசை மிக்கேல் திறந்தார்.

உள்ளே தீவு இருந்தது. தன்னையே வைத்து அனுப்பியிருந்தது. மொட்டை மணல். ஒரு மரம்கூட இல்லை. அதன் மேல் உலகம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாவங்க, அதுகிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல” என்றாள். “வெறும் வாளிய அனுப்பக் கூசிப்போய் நின்னுச்சு. ஏறு, ரெண்டு பேருமாப் போவோம்னு நாந்தான் சொன்னேன்.”

அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கையில் மணல் ஒட்டியிருந்தது. நான் கையை விடவில்லை. அவள்தான் விடுவித்துக்கொண்டாள், வேலை இருந்தது.

தீவை எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு மாற்றினாள். அது ஓர் ஓரமாக ஒதுங்கி மறுபடியும் குறட்டை விட்டது. தாசில்தார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உலகம்மாள் வாளியைக் கழுவித் துடைத்தாள்.

எஞ்சின் கிளம்பவில்லை.

“இனி யாருக்குத் திருப்பிக் குடுக்க மதினி? ஆளே இங்கல்லா இருக்கு” என்றார் சூசை மிக்கேல்.

“ஆளு இங்க இருந்தா என்ன? வீடு அங்க இருக்குல்லா.”

கை காட்டினாள். தீவு இருந்த இடத்தில் கடலில் ஒரு பள்ளம். தண்ணீர் அதற்குள் இறங்காமல் விளிம்பில் தயங்கி நின்றது. கப்பல் தயங்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது.

உலகம்மாள் கப்பலைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, நிதானமாகப் பார்த்தாள்.

“இளைச்சிருக்கீங்க” என்றாள்.

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.